சோலாருக்குத் தனி எர்த் வேண்டுமா?

மாடியில் சோலார் பேனல் போட முடிவு செய்தவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை எர்த் குழி தோண்ட வேண்டும்? பேனலுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிக்கு) ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கும். ஆக நாலு. குழி கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று ஒரு நம்பிக்கை. சரி, அந்த நாலையும் ஒன்றோடொன்று கம்பி போட்டு இணைத்திருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டால், "ஐயோ, இணைக்கவே கூடாதாமே" என்று பதில் வரும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தப் பதிலுக்காகத்தான்.

எர்த் என்றால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி ஒழிந்துபோகும் இடம் என்று பலரும் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். மின்னோட்டம் அப்படி எங்கும் ஒழியாது. எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே திரும்பியாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தது டிரான்ஸ்ஃபார்மருக்கு, பேனலிலிருந்து வந்தது பேனலுக்கு, பேட்டரியிலிருந்து வந்தது பேட்டரிக்கு. மண் அதற்கு ஒரு வழி. அதுவும் மோசமான வழி.

எவ்வளவு மோசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் தடிமன் உள்ள, எர்த்துக்காக மண்ணில் இறக்கும் ஒரு உலோக ராடை, 100 ஓம்-மீட்டர் தன்மின்தடை கொண்ட, அதாவது ஓரளவு நல்ல மண்ணில் அடித்தால், அதன் மின்தடை ஏறக்குறைய 33 ஓம் வரும். ஃபிரிட்ஜுக்குள் பேஸ் வயர் உரசி, அதன் உடம்பில் 230 வோல்ட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பிப்போக இந்த ராடு மட்டுமே வழி என்றால் ஓடுவது சுமார் 7 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சுக்கு) அது ஒரு சாதாரண அயர்ன் பாக்ஸ் ஓடுவது போலத்தான் தெரியும். நாள் முழுக்க ட்ரிப் ஆகாது. ஃபிரிட்ஜின் கதவுப்பிடியோ 200 வோல்ட்டை ஒட்டி நின்றுகொண்டிருக்கும்.

ராடை இன்னும் தடிமனாகப் போட்டால்? தடிமனை இரட்டிப்பாக்கினால் மின்தடை பத்தில் ஒரு பங்குதான் குறையும். நீளத்தை 6 மீட்டராக்கினால் 19 ஓம் பக்கம் இறங்கும். ஆழம் உதவும், பருமன் உதவாது. பளபளவென்று தடித்த பைப்பைக் காட்டி விலை சொல்பவர்களிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழியில் கொட்டும் உப்பு கொஞ்ச காலத்துக்கு அளவைக் குறைத்துக் காட்டும். அப்புறம் மழையில் கரைந்து போகும், போகிற போக்கில் ராடையும் அரித்துவிட்டுப் போகும்.

அப்படியானால் ஷாக்கிலிருந்து நம்மைக் காப்பாற்றுவது எது? இரண்டு விஷயங்கள். ஒன்று, எல்லா உலோக உடம்பையும் மெயின் போர்டில் உள்ள எர்த் பட்டையோடு இணைக்கும் பச்சைக் கம்பி. மின்வழங்கல் முறை அனுமதிக்கும் இடங்களில் அந்தப் பட்டை நியூட்ரலோடு சேர்ந்திருக்கும். அப்போது பழுது ஏற்பட்டால் செம்பு வழியாகவே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து எம்சிபி கண் இமைப்பதற்குள் விழும். இரண்டாவது, ஆர்சிசிபி. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது சுற்றைத் துண்டித்துவிடும். ராடை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால் பாதுகாப்பே இல்லை என்றுதான் சொல்வேன்.

இதுவரை சொன்னது எந்த வீட்டுக்கும் பொருந்தும். சோலார் வந்ததும் மாறுவது என்னவென்றால், மூலத்தின் குணம். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு முரட்டு மூலம். ஷார்ட் ஆனால் அள்ளிக் கொடுக்கும், அந்த முரட்டுத்தனத்தை நம்பித்தான் ஃபியூசும் எம்சிபியும் வேலை செய்கின்றன. பேனல் அப்படியில்லை. வேலை செய்யும்போது 13 ஆம்பியர் தரும் பேனலின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்து ஷார்ட் செய்தாலும் 14 ஆம்பியரைக் கொஞ்சம் ஒட்டித்தான் தரும். நல்ல நிலைக்கும் பழுதுக்கும் இடையே ஃபியூசால் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் இது. அணைக்கவும் வழியில்லை, வெயில் இருக்கிறவரை பேனல் உயிரோடுதான் இருக்கும். பத்துப் பேனல் தொடராக இணைந்த ஒரு ஸ்ட்ரிங்கில் 500 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) சாதாரணம். டிசி என்பதால் ஒரு தீப்பொறி பிடித்தால் தானாக அணையவும் செய்யாது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த இடைவெளியே கிடையாது.

இப்போது வீடுகளில் வரும் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை. இவற்றில் பேனலின் பாசிட்டிவையும் எர்த் செய்யக் கூடாது, நெகட்டிவையும் எர்த் செய்யக் கூடாது. இரண்டும் மிதந்துகொண்டிருக்க வேண்டும். "கார் பேட்டரியில் நெகட்டிவ் பாடியில்தானே இருக்கிறது" என்று நினைத்து இங்கேயும் நெகட்டிவை எர்த் பட்டையில் முடுக்கினால் இன்வெர்ட்டர் கிளம்ப மறுக்கும், அல்லது புகைந்துபோகும். மெல்லிய படலப் பேனல்களில் சிலவற்றுக்கு ஒரு முனையை எர்த் செய்யும்படி தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அது தனிக் கதை, அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். சின்ன 12 வோல்ட் அமைப்புகளில் வேறொரு வலை இருக்கிறது. மலிவான சார்ஜ் கண்ட்ரோலர்கள் பலவற்றில் உள்ளே பாசிட்டிவ்தான் பொதுவாக இருக்கும். அங்கே பேனலின் நெகட்டிவையும் பேட்டரியின் நெகட்டிவையும் எர்த் பட்டையில் சேர்த்தால், கண்ட்ரோலரையே சுற்றிக்கொண்டு பேனல் நேராகப் பேட்டரியில் கொட்டும்.

மிதக்கும் அமைப்பில் முதல் பழுது ஒன்றும் செய்யாது. பாசிட்டிவ் கேபிள் ஒன்று தோல் உரிந்து பேனலின் உலோகச் சட்டத்தைத் தொட்டாலும், இன்வெர்ட்டர் கிரிட்டோடு (வெளியிலிருந்து வரும் மின்வழங்கலோடு) இணையாதவரை திரும்பிப்போக வழி இல்லாததால் மின்னோட்டம் ஓடாது. ஆபத்து இரண்டாவது பழுதில்தான். இன்னொரு இடத்தில் நெகட்டிவும் சட்டத்தைத் தொட்டுவிட்டால், இரண்டுக்கும் நடுவே கூரை முழுக்க உள்ள இரும்பு ஒரு சுற்றாக மாறிவிடும். அதனால்தான் இன்வெர்ட்டர் தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் டிசி கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள காப்பின் மின்தடையை அளக்கிறது. ஓடும்போதும் கசிவைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டு அளவு இன்வெர்ட்டர்களில் கசிவு 300 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலோ, திடீரென்று 30 மில்லி ஆம்பியர் எகிறினாலோ 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது விதி.

இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. அந்த அளவு எடுக்கப்படுவது எர்த்தைப் பொறுத்து. பேனல் சட்டங்கள் இன்வெர்ட்டரின் எர்த்தோடு இணையாமல் தனியாக நின்றால், கேபிள் சட்டத்தைத் தொட்டாலும் இன்வெர்ட்டருக்கு அது தெரியாது. சிவப்பு விளக்கு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிந்துகொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மழை பெய்த மறுநாள் காலைகளில் இன்வெர்ட்டர் "ஐசோலேஷன் ஃபால்ட்" என்று காட்டிவிட்டு நிற்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் தானாகச் சரியாகிவிடும். போட்டுக் கொடுத்தவர்கள், ரீசெட் செய்துகொள்ளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றிருக்கிறார்கள். உண்மையில் ஒரு கிளாம்புக்கு அடியில் கேபிள் நசுங்கி, உள்ளே செம்பு தெரிந்துகொண்டிருந்தது. அந்தச் செய்தியை அலாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். தொந்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் பழுதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009இல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், ஒரு பெரிய கடையின் கூரையில் இருந்த 383 கிலோவாட் அமைப்பில் பிடித்த தீ நல்ல சாட்சி. அங்கே அந்தக் கால முறைப்படி நெகட்டிவ் ஒரு ஃபியூஸ் வழியாக எர்த் செய்யப்பட்டிருந்தது. முதலில் ஒரு நெகட்டிவ் கம்பியில் எர்த் பழுது. அது ஏற்கெனவே எர்த்தின் மட்டத்திலேயே இருந்ததால் ஃபியூசை உருக்கும் அளவுக்கு எதுவும் ஓடவில்லை, யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு பெரிய பாசிட்டிவ் கம்பியில் இரண்டாவது பழுது. ஃபியூஸ் தன் கடமையைச் செய்து உருகியது. உருகியதால் நின்றதா என்றால் இல்லை. மொத்த அமைப்பின் மின்னோட்டமும் முதல் பழுதைத் திரும்பும் வழியாகப் பிடித்துக்கொண்டு, தன்னைத் தாங்க முடியாத ஒரு சின்னக் கம்பிக்குள் புகுந்தது. அங்கே எத்தனை குழி தோண்டியிருந்தாலும் இந்தக் கதை மாறியிருக்காது.

பேனல் சட்டங்களை இணைப்பது பார்க்க எளிது, செய்வதில்தான் ஏமாற்றம். சட்டம் அலுமினியம், அதன் மேல் ஆனோடைசிங் செய்த ஒரு மெல்லிய படலம் இருக்கும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. இரும்பு ரெயிலில் கிளாம்ப் வைத்து இறுக்கிவிட்டால் எர்த் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. படலத்தைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கும் பற்கள் உள்ள வாஷரோ, அதற்கென்றே செய்த கிளிப்போ வேண்டும். வெறும் செம்புக் கம்பியை அலுமினியத்தின் மேல் நேராக முறுக்கவும் கூடாது. மழை ஈரத்தில் அந்த இரண்டு உலோகங்களும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். சில வருஷத்தில் போல்ட் மட்டும் நிற்கும், தொடர்பு இருக்காது. வெள்ளீயம் பூசிய லக்கும் (கம்பி முனையில் பொருத்தும் துண்டு) ஸ்டெயின்லெஸ் வாஷரும் நடுவில் இருக்கட்டும். இன்னொன்று: ஒரு பேனலைப் பழுது பார்க்கக் கழற்றினால் மற்ற பேனல்களின் எர்த் அறுந்துபோகாதபடி இணைப்பு இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் மெயின் எர்த் பட்டை வரை உள்ள மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு ஓமுக்குள் வர வேண்டும்.

எர்த் இல்லாத சட்டத்தைத் தொட்டால் லேசாக ஷாக் அடித்துக் கிள்ளும். பேனலுக்குள் இருக்கும் செல்களும் வெளியே உள்ள சட்டமும் நடுவில் கண்ணாடியோடு சேர்ந்து ஒரு கெப்பாசிட்டராக வேலை செய்கின்றன. மழையில் நனைந்தால் அதன் அளவு இன்னும் கூடும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர் அந்த வழியாகக் கொஞ்சம் ஏசியை எப்போதும் கசியவிடும். அந்தக் கிள்ளல் ஆளைக் கொல்லாது. ஆனால் கிள்ளு வாங்கும் ஆள் நிற்பது ஓட்டின் விளிம்பில்.

இனி, "இணைக்கவே கூடாதாமே" என்ற இடத்துக்கு வருவோம். இடியின் கரன்ட் வீட்டு எர்த்துக்குள் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். மாடியில் உள்ள இரும்புச் சட்டத்துக்குத் தோட்டத்தில் தனி ராடு, வீட்டு மெயின் போர்டுக்கு வாசலில் வேறொரு ராடு, நடுவில் இணைப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் விழும் ஒரு மின்னலிலிருந்து 10,000 ஆம்பியர் தோட்டத்து ராடில் இறங்குகிறது. ராடின் மின்தடை 10 ஓம் என்றாலே அதன் மட்டம் ஒரு லட்சம் வோல்ட் எகிறும். வாசல் ராடு பழைய மட்டத்திலேயே இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வீட்டில் உள்ள ஒரே பாலம் இன்வெர்ட்டர். அதன் டிசி பக்கம் மாடியோடும் ஏசி பக்கம் வீட்டோடும் கட்டப்பட்டிருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அந்த ஒரு லட்சம் வோல்ட் வித்தியாசம் முழுவதும் அதன் வயிற்றுக்குள்தான் பாயும்.

இரண்டு ராடுகளையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்திருந்தால் எல்லாமே சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். சட்டம், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், டிவி, தண்ணீர்க் குழாய் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய எதுவும் இல்லை. மின்னல் பாதுகாப்புக்கான ஐஇசி 62305 தரமும் ஒரே ஒருங்கிணைந்த எர்த் அமைப்பையே பரிந்துரைக்கிறது. குழிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. எல்லாம் ஒரு பட்டையில் வந்து சேர வேண்டும். இடிதாங்கி இருக்கும் வீட்டில் அந்த இணைப்புக் கம்பி குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருப்பது நல்லது. டிஷ் ஆன்டெனாவின் எர்த்தையும் மறக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் விதி எழுதுபவர்களே தடுமாறியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மின் விதித்தொகுப்பு 2008இல் பேனல் இருக்கும் இடத்தில் கூடுதல் ராடு கட்டாயம் என்றது. 2011 பதிப்பில் அது காணாமல் போனது, 2014இல் திரும்ப வந்தது, 2017இல் விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது. பேனல்களுக்கு அருகில் கூடுதல் ராடு அடிப்பதில் லாபம் உண்டு, குறிப்பாக வீட்டை விட்டுத் தள்ளி தோட்டத்தில் நிறுத்தும்போது. ஆனால் அங்கிருந்து எர்த் கம்பியும் டிசி கேபிள்களோடு ஒட்டியே மெயின் பட்டை வரை வர வேண்டும். பாசிட்டிவ் ஒரு பக்கம், நெகட்டிவ் ஒரு பக்கம், எர்த் வேறொரு பக்கம் என்று போனால் நடுவில் உண்டாகும் பெரிய வளையத்தில் தூரத்து மின்னலும் வோல்டேஜைத் தூண்டிவிடும்.

எஸ்பிடி, அதாவது மின்னலால் திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி, பற்றிச் சுருக்கமாக. ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் உண்டு. மின்னலின் வேகத்தில், மைக்ரோ நொடிக்கு 10,000 ஆம்பியர் ஏறினால், அந்த ஒரு மீட்டரிலேயே 10,000 வோல்ட் நிற்கும். எஸ்பிடி எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் அதன் இணைப்புக் கம்பிகள் அரை மீட்டரைத் தாண்டினால் பாதிப் பயன் போய்விடும். மிச்சக் கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கும் போர்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமூச்சு வரும்.

எர்த்திங்கில் மிகவும் சிக்கலான, பலர் தவறவிடும் பகுதி, கரன்ட் போன பிறகுதான் தொடங்குகிறது. பேட்டரியோடு உள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டர், கிரிட் போனதும் வீட்டைத் துண்டித்துக்கொண்டு தானே மூலமாகிவிடும். பல மாடல்கள் பேஸோடு நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும். அதுவரை வீட்டு நியூட்ரலுக்கு எர்த்தோடு இருந்த தொடர்பு வெளியே, கிரிட் பக்கத்தில் இருந்தது. இப்போது அது போய்விட்டது. நியூட்ரல் மிதக்கிறது. இந்த நிலையில் ஃபிரிட்ஜின் உடம்பில் பேஸ் ஏறினால், இன்வெர்ட்டருக்குத் திரும்ப வழி இல்லை. எம்சிபி விழாது. ஆர்சிசிபியும் விழாது. பழுது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், அடுத்த பழுது வரும்வரை.

இதில் மோசம் என்னவென்றால், ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது அழகாக விழும். அந்தப் பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ளேயே ஒரு மின்தடையை இணைத்துச் சோதிக்கிறது. அதற்கு எர்த்தே தேவையில்லை. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பட்டன் வேலை செய்யும். நியூட்ரல் மிதப்பதற்கு நம் கைக்குத் தெரியும் அடையாளம் வேறு: கரன்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் பெட்டியையோ லேப்டாப்பின் உலோக மூடியையோ தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்கும், அல்லது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் 115 வோல்ட் போல எதையாவது காட்டும். பவர் சப்ளைகளில் உள்ள சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த்தை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நட்ட நடுவில் இழுத்துவைப்பதால் வரும் அளவு அது.

தீர்வு, பேக்கப்புக்கு மாறும் அதே கணத்தில் இன்வெர்ட்டரே நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்க வேண்டும், கிரிட் திரும்பியதும் விட்டுவிட வேண்டும். நல்ல ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் இதற்கென்று ஒரு ரிலே இருக்கும். சிலவற்றில் அதை செட்டிங்கில் போய் இயக்க வேண்டும்; வாங்கி வந்தபடியே விட்டால் தூங்கிக்கொண்டிருக்கும். ரிலேக்குப் பதில் நிரந்தரமாக ஒரு கம்பியைப் போட்டு இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்களும் உண்டு. அதைச் செய்ய விடாதீர்கள். கிரிட் இருக்கும்போது இணைப்பு இரண்டு இடத்தில் ஆகிவிடும். நியூட்ரலில் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு பச்சைக் கம்பியில் நாள்தோறும் ஓடும். ஆர்சிசிபி காரணமே இல்லாமல் விழுகிறது என்று புகார் வரும், கடுப்பில் யாராவது அதைக் கழற்றிப் போடுவார்கள். ஜெனரேட்டரும் இருக்கும் வீட்டில் இதே கேள்வியை மூன்றாவது மூலத்துக்கும் கேட்க வேண்டும்: எந்த நேரத்திலும் நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம் ஒன்றே ஒன்றா? நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இதைச் சாதிப்பது கஷ்டம். பேக்கப் சுற்றுகளின் நியூட்ரலையும் மற்ற சுற்றுகளின் நியூட்ரலையும் ஒரே பட்டையில் கலப்பதும் இதே வகைக் குழப்பம். தனித்தனிப் பட்டை வேண்டும்.

இணைப்பு சரியாக இருந்தாலும் இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர் ஆகிவிடாது. 5 கிலோவாட் இன்வெர்ட்டரின் சாதாரண மின்னோட்டம் 22 ஆம்பியர். சில நொடிக்கு அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தால் 44. சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனடியாக விழுவதற்கு 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். வராது. இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துபோகலாம், அது அதன் விருப்பம். அதனால் பேக்கப்பில் ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும், விவாதமே இல்லை. ஏசி வகை ஆர்சிசிபி டிசி கசிவு கலந்தால் மரத்துப்போகும். குறைந்தது ஏ வகை, இன்வெர்ட்டர் கையேடு பி வகை கேட்டால் பி வகை.

பேட்டரியின் நெகட்டிவை எர்த் செய்யச் சொன்னால் ஒரே இடத்தில் மட்டும். இரண்டு இடத்தில் செய்தால், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஓடும் மெல்லிய தகவல் கேபிளின் உறை வழியாகப் பேட்டரி மின்னோட்டம் குறுக்குவழி தேடும்.

வேலையை ஒப்படைக்கும் நாளில் மெயின் சுவிட்சை அணைத்து, வீட்டை பேக்கப்பில் ஓடவிட்டு, சாக்கெட்டில் செருகி ஆர்சிசிபியைச் சோதிக்கும் ஆர்சிடி டெஸ்டரால் ஒவ்வொரு சாக்கெட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது பேஸிலிருந்து எர்த்துக்கு உண்மையாகவே 30 மில்லி ஆம்பியரைக் கசியவிடும். கிரிட் இருக்கும்போது விழுந்து, பேக்கப்பில் விழவில்லை என்றால் நியூட்ரல் மிதக்கிறது. ராடின் மின்தடையையும் அளக்கலாம். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது அளப்பதுதான் அளவு. மூன்று முளை முறையில், நடு முளையை மொத்த தூரத்தில் 62 சதவீதத்தில் ஊன்றிப் படிப்பார்கள். அதற்காக ராடைப் பட்டையிலிருந்து கழற்றும் முன் கிரிட், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றையும் அணைத்திருக்க வேண்டும். கழற்றிய நட்டை மறுபடி முடுக்கியதும் ஸ்பேனரால் ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.